ஏழு லட்சம் பிஸ்டல்களும் ஒரு சின்னப் பெட்டியும்



நீளமான பதிவு இது. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். வகுப்பில் என்றால் நாற்பத்தைந்து நிமிடத்தில் மணி அடித்துவிடும். இங்கே மணி அடிக்க ஆளில்லை என்பதால் கொஞ்சம் தாராளமாகவே எழுதிவிட்டேன்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். ஓர் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறான். நோயாளிகளுக்குப் பயன்படும் ஒரு கருவியை மொத்தமாக வாங்க டெண்டர் விட்டிருக்கிறார்கள். "சார், விலைப்புள்ளியில எல்-1 யாரோ அவருக்குத்தான் கொடுக்கணும். அவர் கொடுத்த சாம்பிள் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த விலைக்கு அத்தனை எண்ணிக்கையையும் அதே தரத்துல கொடுப்பாரான்னு மனசு உறுத்துது. குறைஞ்ச காசுல நல்ல பொருளைத் தேர்ந்தெடுக்க வரலாற்றுல ஏதாச்சும் வழி சொல்லியிருக்கா சார்?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டான்.

வழி சொல்லியிருக்கிறதோ இல்லையோ, அதே கேள்வியோடு ஒரு நாடே நின்ற கதை வரலாற்றில் இருக்கிறது. அது வாங்கப் போன பொருள் கைத்துப்பாக்கி. காசும் குறைவு, நாளும் குறைவு. அவனுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

முதல் உலகப் போரை உங்களுக்கு எத்தனை வருடம் நடத்தினேன்! காரணங்கள், சரயேவோ, பதுங்குகுழிப் போர், வெர்சேல்ஸ் உடன்படிக்கை. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும். போர்க்களத்தில் நிற்பவனுக்குச் சாமான் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தேர்வில் வராது என்று நானே ஒதுக்கிவிட்டேன். அந்தக் குறையும் இன்று தீரட்டும்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியது. பிரான்ஸ் நாட்டுப் படை ஆரம்ப மாதங்களில் இழந்த உயிர்களைக் கேட்டால் நெஞ்சு நடுங்கும். ஆகஸ்ட் 22 என்ற ஒரே நாளில் மட்டும் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். ஆள் போனால் அவன் கையில் இருந்த ஆயுதமும் போகும். குளிர்காலத்துக்குள் போர் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. நீளமான பதுங்குகுழிகள், இரண்டு பக்கமும் முள்கம்பி.

அந்தக் குழிக்குள் நீளத் துப்பாக்கி எல்லாருக்கும் ஒத்துவரவில்லை. இயந்திரத் துப்பாக்கி இயக்குபவனுக்கு இரண்டு கையிலும் வேலை. பீரங்கிக்காரன், வண்டியோட்டி, இரவில் எதிரிக் குழிக்குள் குதித்துக் கைகலக்கப் போகிறவன், இவர்களுக்கெல்லாம் இடுப்பில் தொங்கும் சின்ன ஆயுதம் தேவைப்பட்டது. அதுவரை பிஸ்டல் என்பது பெரும்பாலும் அதிகாரிகளின் இடுப்பை அலங்கரித்த பொருள். இப்போது சாதாரணச் சிப்பாய்க்கும் அது உயிர்காப்பு ஆகிவிட்டது.

பிரான்சிடம் இருந்தது 1892 மாடல் ரிவால்வர். ஆறு குண்டு போடும் நல்ல, உறுதியான ஆயுதம். ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டியது. அதைச் செய்யும் சாந்தெத்தியேன் அரசுத் தொழிற்சாலைக்கு நீளத் துப்பாக்கியும் இயந்திரத் துப்பாக்கியுமே தலைக்கு மேல் வேலை. பரணில் கிடந்த 1873 மாடல் பழைய ரிவால்வர்களைக்கூடத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். அப்போதும் போதவில்லை.

வெளியே வாங்கலாம் என்றால் யாரிடம் வாங்குவது? அந்தக் காலத்தில் நல்ல பிஸ்டல் என்றாலே ஜான் பிரௌனிங் வடிவமைத்ததுதான். அவர் அமெரிக்காவில் ஆக்டன் என்ற ஊரில் 1855-இல் பிறந்தவர். அவருடைய பிஸ்டல்களைச் செய்து உலகம் பூராவும் விற்றது பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை. நமக்கும் அந்தப் பெயர் அந்நியமில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால்தான். மணியாச்சி வரை வந்து சேர்ந்த சரக்கு, பக்கத்து வீடான பிரான்சுக்குக் கிடைக்கவில்லை. காரணம், எஃப்.என். தொழிற்சாலை இருந்த எர்ஸ்தால், லியேஜ் நகரத்தை ஒட்டிய ஊர். போர் தொடங்கிய ஆகஸ்ட் மாதத்திலேயே லியேஜ் ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டது.

ஆக, கடையிலேயே சிறந்த பொருள் எதிரியின் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது. சொந்தப் பட்டறைக்கு நேரமில்லை. கஜானாவிலிருந்து பணம் பீரங்கிக்கும் குண்டுக்கும் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. பிஸ்டலுக்கென்று ஒதுக்கக் கொஞ்சம்தான் மிச்சம். இந்த நிலைமையில்தான் பிரான்சின் பார்வை தெற்கே திரும்பியது.

தெற்கே ஸ்பெயின். போரில் எந்தப் பக்கமும் சேராத நாடு. அதன் வடக்கில் பாஸ்க் மக்கள் வாழும் கிபுஸ்கோவா மாகாணம். அங்கே மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஐபார் என்ற ஊர். பிரெஞ்சு எல்லையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அப்போது மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டி இருக்கும். ஊரில் பாதிப் பேருக்குத் துப்பாக்கிதான் சோறு போட்டது. பல நூற்றாண்டுத் தொழில்.

திருப்பூரில் ஜாப் ஒர்க் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு ஐபாரைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். ஒருவர் வெட்டுவார், ஒருவர் தைப்பார், ஒருவர் காஜா எடுப்பார், ஒருவர் இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடைப்பார். ஐபாரிலும் அப்படித்தான். ஒரு பட்டறையில் குழல், இன்னொன்றில் விசை, வேறொன்றில் கைப்பிடி, கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து, சேராத இடத்தில் அரம் போட்டுச் சேரவைப்பார். கைத்திறன் அபாரம். ஆனால் ஒவ்வொரு துப்பாக்கியும் அது அதற்கென்று தனி அளவு.

அவர்களுக்குச் சாதகமாக ஸ்பெயின் நாட்டுச் சட்டத்தில் ஒரு சந்தும் இருந்தது. வெளிநாட்டுக்காரர் அங்கே காப்புரிமை பதிந்தாலும் மூன்று ஆண்டுக்குள் அந்தப் பொருளை ஸ்பெயினிலேயே உற்பத்தி செய்யத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமை செல்லாது. பிரௌனிங் பிஸ்டலை யாரும் ஸ்பெயினில் செய்யவில்லை. அதனால் அவருடைய 1903 மாடலைப் பார்த்து ஐபார்க்காரர்கள் தாராளமாகப் பண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

அப்படிப் பண்ணியவர்களில் கபிலோந்தோ-உர்ரெஸ்தி என்ற நிறுவனம் ஒன்று. 1914-இல் தன் பிஸ்டலுக்கு 'ரூபி' என்று பெயர் வைத்தது. அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்துச் செய்த சரக்கு. பிரௌனிங் வடிவத்தில் இருந்த சில நுணுக்கங்களை எடுத்துவிட்டார்கள். உதாரணமாக, மூல வடிவத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால்தான் சுட முடியும் என்ற ஒரு கூடுதல் பாதுகாப்பு உண்டு. ரூபியில் அது கிடையாது. உறுப்பு குறைந்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் விலை குறையும். பதிலுக்கு வேறொன்றைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஒரே தடவையில் ஒன்பது குண்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு 'பிரான்ஸ் ஏமாந்த கதை' என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1915-இல் அந்த அதிகாரியின் நாற்காலியில் உங்களை உட்கார வைத்துப் பாருங்கள். ரிவால்வரில் ஆறு, இதில் ஒன்பது. இதன் தோட்டா 7.65 மில்லிமீட்டர் பிரௌனிங், ஐரோப்பா முழுக்கப் புழங்கியது. அப்படி ஒன்றும் பலம் வாய்ந்த தோட்டா இல்லை, ஆனால் குழிக்குள் நாலடி தூரத்துக்குப் போதும். வடிவமோ உலகின் ஆகச் சிறந்தவர் போட்ட வடிவம். விற்பவர் பக்கத்து நாடு, கப்பலில் ஏற்றி நீர்மூழ்கிக்குப் பலி கொடுக்க வேண்டியதில்லை. கொண்டுவந்து காட்டிய சாம்பிளும் நன்றாக வேலை செய்தது. நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

1915 மே மாதம் ஒப்பந்தம் ஆனது. மாதம் 10,000 பிஸ்டல்.

ஆகஸ்டிலேயே அது மாதம் 30,000 ஆனது. பிறகு 50,000 வரை போனது.

கபிலோந்தோவால் தனியாக அவ்வளவு செய்ய முடியாது. அக்கம்பக்கத்து நிறுவனங்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு, நீ மாதம் ஐயாயிரம் கொடு, குறைந்தால் அபராதம் என்று உள்-ஒப்பந்தம் போட்டது. அதுவும் போதவில்லை. மற்ற நிறுவனங்களும் பிரெஞ்சுக்காரர்களோடு நேரடியாகவே பேசி ஆர்டர் பிடித்தன. கடைசியில் பெரிதும் சிறிதுமாக ஐம்பதைச் சுற்றிய எண்ணிக்கையில் நிறுவனங்கள் 'ரூபி' பாணிப் பிஸ்டல் செய்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனை வீட்டுத் திண்ணைப் பட்டறை இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஏர் செய்தவர், பூட்டு செய்தவர் எல்லாம் பிஸ்டல் உறுப்புக்கு மாறியிருப்பார். போர் முடிவதற்குள் பிரான்சுக்குப் போன எண்ணிக்கை ஏழு லட்சத்துக்கும் மேல்.

இனிதான் கதையின் வலி தொடங்குகிறது.

பிஸ்டலில் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் ஒரு சின்னத் தகரப் பெட்டி உண்டு. மேகசின் என்பார்கள். பார்க்க அற்பமான பொருள். ஆனால் அது சரியாக உட்காரவில்லை என்றால் குண்டு மேலே ஏறாது, பிஸ்டல் வெறும் இரும்புத் துண்டு. ஐம்பது நிறுவனமும் ஒரே படத்தைப் பார்த்துத்தான் செய்தன. ஆனால் ஒரே அளவுகோலை வைத்து அளந்து செய்யவில்லை. ஒருவருடைய மேகசின் இன்னொருவருடைய பிஸ்டலில் ஒன்று நுழையாது, அல்லது நுழைந்து ஆடும்.

தொழிற்சாலைக் கிடங்கில் இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பதுங்குகுழியில் அப்படியில்லை. ஒரு சிப்பாய் விழுந்துவிட்டான். அவன் இடுப்பிலிருந்து மேகசினை உருவிப் பக்கத்தில் இருப்பவன் தன் பிஸ்டலில் செருகுகிறான். இரண்டுக்கும் பெயர் ரூபிதான், பார்வைக்கும் ஒன்றுதான். ஆனால் செருகினால் ஏறவில்லை. எதிரே ஆள் வந்துகொண்டிருக்கிறான். அந்த இடத்தில் அரை மில்லிமீட்டருக்கு என்ன விலை என்று நீங்கள் சொல்லுங்கள்.

இரண்டாவது குறை, பாதுகாப்பு விசை. பிஸ்டல் தானாக வெடிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புவிசை இருக்கும். சிலருடைய தயாரிப்பில், தோல் உறைக்குள் வைத்து எடுக்கும்போது தோலில் உராய்ந்தே அந்த விசை நகர்ந்துவிடும். சிப்பாய் பூட்டியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பான், அது திறந்திருக்கும்.

மூன்றாவது, இரும்பு. உள்ளே ஒன்றோடொன்று உரசும் உறுப்புகளைச் சரியான பதத்தில் சூடேற்றிக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்த வேண்டும். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் கொடுப்பாரே, அதே வேலை. அவசரத்தில் சில பட்டறைகள் அதைச் சரியாகச் செய்யவில்லை. பளபளப்பு எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்தது. மென்மையான இரும்பு நாளாவட்டத்தில் தேய்ந்த பிறகுதான் தெரிந்தது.

இந்த மூன்றில் ஒன்றுகூடச் சாம்பிளைக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது என்பதைக் கவனியுங்கள். மேகசின் பொருந்தாததை ஒரே ஒரு பிஸ்டலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டாவது வேண்டும். உறையில் உராய்வதைக் கண்டுபிடிக்க நூறு தடவை எடுத்து வைக்க வேண்டும். இரும்பின் பதம் தெரிய நாலு மாதம் ஆக வேண்டும்.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. உறுப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் வித்தையை உலகுக்குக் காட்டியதே பிரான்ஸ்தான். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பு ஒனோரே பிளான் என்ற துப்பாக்கித் தொழிலாளி அங்கே இருந்தார். உறுப்புகளை அச்சு, அளவுகோல் வைத்து ஒரே அளவில் செய்தால் எந்த உறுப்பையும் எந்தத் துப்பாக்கியிலும் போடலாம் என்றார். 1785-இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் அவருடைய பட்டறைக்குப் போனார். குவியலாகக் கிடந்த உறுப்புகளிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துத் தானே துப்பாக்கி விசைகளைப் பூட்டிப் பார்த்தார். அரம் போடாமலே எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்தன. அசந்துபோய்த் தன் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். பின்னால் அமெரிக்கத் தொழிற்சாலைகள் அந்த வழியில் நடந்துதான் பெரிதாயின. பிளானுடைய சொந்த நாட்டில் அந்த முயற்சி அவரோடு சோர்ந்துபோனது. 130 வருடம் கழித்து அதே நாட்டுச் சிப்பாய், பொருந்தாத மேகசினைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குள் நின்றான்.

சரி, தவறு தெரிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்த ஏழு லட்சத்தையும் தூக்கிப்போட முடியாது. மாற்று இல்லை. அவர்கள் செய்த காரியங்கள் எனக்கு ஒரு நல்ல தலைமையாசிரியரை நினைவூட்டுகின்றன. புதுக் கட்டடத்துக்குப் பணம் கேட்டுப் புலம்பாமல், இருக்கிற ஓட்டுக் கூரையில் எங்கே ஒழுகுகிறதோ அங்கே ஓட்டை மாற்றுபவர்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இரண்டெழுத்து அடையாளம் கொடுத்தார்கள். கபிலோந்தோ-உர்ரெஸ்திக்கு 'ஜி யூ'. எஸ்பெரான்சா-உன்சேத்தாவுக்கு 'இ யூ'. அந்த எழுத்தைப் பிஸ்டலின் கைப்பிடிச் சட்டத்திலும் அடிக்க வேண்டும், மேகசினிலும் அடிக்க வேண்டும். சிப்பாய் இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், எது எதற்குச் சேரும் என்று தெரிந்துவிடும். செலவு என்று பார்த்தால் ஒரு சுத்தியல் அடி.

விசைப் பிரச்சினைக்கு, பிஸ்டலின் மேல்பகுதியில் சட்டைப் பித்தான்போல ஒரு குமிழை வைத்துப் பொருத்தினார்கள். உறையின் தோல் அந்தக் குமிழில் முட்டி விலகி நிற்கும், விசையை உரசாது. இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கும் ரூபிகள் சிலவற்றில் அந்தக் குமிழைப் பார்க்கலாம்.

சோதித்துத் தேறிய பிஸ்டலில் ஏற்பு முத்திரை குத்தினார்கள். தேறாததைத் திருப்பி அனுப்பினார்கள். இதையெல்லாம் ஆர்டர் மாதம் 10,000 ஆக இருந்தபோதே, முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும். அப்போது ஒரே நிறுவனம், ஒரே சாம்பிள், அதனால் தேவையே தோன்றவில்லை. எண்ணிக்கை ஐந்து மடங்கு ஆனபோது செய்கிறவர் எண்ணிக்கையும் கூடியது. அளக்கிறவர் எண்ணிக்கை அதே வேகத்தில் கூடவில்லை. ரூபியின் தரம் தொலைந்தது அந்த இடைவெளியில்தான் என்பது என் கணிப்பு. வடிவத்தில் பெரிய பழுதில்லை, விலை குறைவு என்பதும் முழுக் காரணம் இல்லை.

அதற்குச் சாட்சியும் அதே வட்டாரத்தில் இருக்கிறது. எஸ்பெரான்சா-உன்சேத்தா நிறுவனமும் அதே பாணிப் பிஸ்டலைத்தான் அதே போருக்குச் செய்தது. அவர்களுடைய சரக்கு நன்றாக இருந்தது என்று பெயர் வாங்கியது. அவர்கள்தான் பிற்பாடு 'அஸ்த்ரா' என்ற பெயரில் பிரபலமானவர்கள். ஸ்பெயின் ராணுவமே 1921-இல் தன் படைக்கு அவர்களுடைய பிஸ்டலைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆக, குறைந்த காசுக்கு நல்ல பிஸ்டல் ஐபார் வட்டாரத்தில் இருக்கத்தான் செய்தது. எந்த இரண்டெழுத்து என்று பார்த்து வாங்கத் தெரிய வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அளவு சரியாக இருந்தாலே எல்லாம் சரி என்று நினைத்துவிடுவீர்கள். இரண்டாம் உலகப் போரில், 1942-இல், அமெரிக்கா 'லிபரேட்டர்' என்று ஒரு பிஸ்டல் செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் கார் விளக்கு செய்யும் பிரிவில், சில வாரங்களுக்குள் பத்து லட்சம் தயாராயின. ஒன்றின் அடக்கவிலை இரண்டு டாலர் சொச்சம். தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது, அளவில் எல்லாம் ஒன்றுபோல. ஆனால் ஒரு தடவைக்கு ஒரே குண்டுதான். சுட்ட பிறகு காலிக் கூட்டைக் குச்சியால் குத்தி வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். எதிரி பிடித்து வைத்திருக்கும் நாடுகளில் வானிலிருந்து போட்டு மக்கள் கையில் கொடுப்பது திட்டம். படைத் தலைமைகள் அதில் அக்கறை காட்டவில்லை. பெரும்பாலானவை போட்ட பெட்டியிலேயே கிடந்து பிறகு உருக்கப்பட்டன. ரூபியை அவசரமாகக் கேட்டவன் குழிக்குள் நிஜமாகவே இருந்தான். லிபரேட்டரை யாரும் கேட்கவில்லை. இரண்டு டாலர் மலிவுதான், வேண்டாத பொருளுக்கு அதுவும் தண்டம்.

ஐபாருக்குத் திரும்புவோம். 1918 நவம்பரில் போர் நின்றது. ஆர்டரும் நின்றது. ஊர் முழுக்கப் பிஸ்டல் செய்யப் பழகிய கைகள், வாங்க ஆளில்லை. நேற்று முளைத்த பட்டறைகள் பல அப்படியே மூடின. போர்க்காலத்தில் யார் எதைச் செய்தாலும் விற்றது. அதன் பிறகு பெயர் கெட்டவர்களின் சரக்கைத் தொட ஆளில்லை. 'ஸ்பெயின் பிஸ்டலா?' என்று முகத்தைச் சுளிக்கும் பழக்கம் உலகச் சந்தையில் ரொம்ப நாள் இருந்தது. நன்றாகச் செய்தவர்களும் அந்தக் கெட்ட பெயரைச் சேர்த்துச் சுமந்தார்கள். ஒரு பெஞ்சில் நாலு பேர் சத்தம் போட்டால் அமைதியாக இருந்த ஐந்தாவது பையனும் எழுந்து நிற்க வேண்டி வருமே, அது போல. நானும் அப்படி நிறுத்தியிருக்கிறேன், மன்னியுங்கள்.

ஆனால் அந்த ஊர் அழிந்துபோகவில்லை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பெய்ஸ்தெகி சகோதரர்கள் என்று மூன்று பேர், ரூபி பாணிப் பிஸ்டல் செய்தவர்கள். போருக்குப் பிறகு குழல் செய்த அனுபவத்தை வைத்துச் சைக்கிளுக்கு மாறினார்கள். பி.எச். என்ற பெயரில் இன்றும் அந்தச் சைக்கிள் ஓடுகிறது. 1840-இலிருந்து துப்பாக்கி செய்த ஓர்பேயா குடும்பமும் 1930-களில் சைக்கிளுக்கு வந்தது. அவர்களுடைய சைக்கிளில் ஏறி இன்று உலகப் பந்தயங்களில் ஓட்டுகிறார்கள். 1920-இல் ஆயுதத் தொழிலாளர்கள் ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கூட்டுறவாகச் சேர்ந்து ஆல்ஃபா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் துப்பாக்கி, சில ஆண்டுகளில் தையல் மிஷின். ஸ்பெயினில் வீட்டுக்கு வீடு அந்த மிஷின் ஓடிய காலம் இருந்தது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. வாத்தியார் வேறு எங்கே வந்து நிற்பேன்! போருக்கு முந்தைய ஆண்டு, 1913-இல், ஐபாரில் ஆயுதத் தொழிற்பள்ளி ஒன்று தொடங்கினார்கள். அப்பாவிடம் மகன் பார்த்துப் பழகும் கைவேலையோடு, படம் வரைவதையும் அளப்பதையும் இயந்திரத்தில் வேலை செய்வதையும் முறையாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. 1915-இல் ஆர்டர் வெள்ளமாக வந்தபோது அந்தப் பள்ளிக்கு இரண்டு வயது. அங்கே படித்தவர்கள் ஊரை நிரப்பப் பல வருடம் ஆயிற்று. அது ஒரு பதினைந்து வருடம் முன்னால் தொடங்கியிருந்தால் ரூபியின் கதையே வேறாக இருந்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. சைக்கிளில் செயினும் பல்சக்கரமும், தையல் மிஷினில் ஊசியும் நூல்கண்டும் அளவு தப்பினால் ஓடாது. பிஸ்டலில் தவறவிட்டதை அந்த ஊர் அவற்றில் பிடித்துக்கொண்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மாணவன் சொன்னான்: "கதை நல்லாருக்கு சார். நான் நோட் ஃபைல்ல என்ன எழுதுறது?"

நான் கொள்முதல் அதிகாரி இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். எல்-1-க்கே கொடு, விதி அதுதான் என்றால் அதை மீறாதே. ஆனால் அவர் தன் கையால் செய்யப் போகிறாரா, நாலு பேரிடம் பிரித்துக் கொடுக்கப் போகிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. பிரித்துக் கொடுத்தால், எது யார் செய்தது என்று ஒவ்வொன்றிலும் குறி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடு. சாம்பிளை ஒன்றாக வாங்காதே, ஐந்தாக வாங்கு. ஐந்தையும் கழற்றி உறுப்புகளை மாற்றிப் போட்டு ஓட்டிப் பார். சரக்கு தவணையாக வரும்போது ஒவ்வொரு தவணையிலும் நீயாகக் கையை விட்டு நாலைந்து எடுத்துச் சோதி. அவர் மேலே எடுத்து வைத்திருப்பதை எடுக்காதே. சோதிக்க ஆளும் நேரமும் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் ஒரு தவணையின் எண்ணிக்கை இருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டும் என்று மேலிடம் கேட்டால், சோதிக்கவும் ஆள் கூட்டிக் கொடுங்கள் என்று எழுதி வை.

"எழுதி வெச்சா மேல கோபப்படுவாங்க சார்" என்றான்.

படுவார்கள்தான். அவனுக்கு அங்கே இன்னும் இருபது வருட வேலை பாக்கி இருக்கிறது, எனக்கு இங்கே ஈசிசேர். சும்மா உட்கார்ந்துகொண்டு தைரியம் சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும். அதனால் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருப்பவர் நமக்குத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். நேற்று ஒரு வரி அனுப்பியிருந்தான்: "அஞ்சு சாம்பிள் கேட்டிருக்கேன் சார்." மற்றவை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. சொல்லும்போது சொல்வான்.

உங்களில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள், தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்கள் நிறைய பேர் உண்டு. துவைச்சல், கேஜ் பற்றி நான் எழுதியதில் பிழை இருந்தால் கூச்சப்படாமல் திருத்துங்கள். ஒரு காலத்தில் உங்கள் நோட்டில் சிவப்பு மை போட்டவன் நான். இப்போது உங்கள் முறை.

அடுத்த பதிவு ஒனோரே பிளானைப் பற்றி மட்டும். அந்த மனிதரை இரண்டு பத்தியில் முடித்தது எனக்கே மனசுக்கு ஒப்பவில்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்